உளித்தடம் அழியாத ஒட்டு

துரைசிங்கம் நீலக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றியதும் கூட்டம் கை தட்டியது.

செக்காலை ரோட்டில் இருந்த அந்த அரிசி மில்லின் முற்றத்தில் அன்று நிற்க இடமில்லை. காரைக்குடிக்கு ரயில் வந்து அதிக காலம் ஆகவில்லை. அந்த ரயிலில்தான் துரைசிங்கமும் அவருடைய காஸ் உருளைகளும் வந்து இறங்கியிருந்தார்கள். உருளைகளுக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். கார்பைடு கரைந்த வாடை, அழுகிய வெள்ளைப்பூண்டு மாதிரி, முற்றம் முழுக்கப் பரவி நின்றது.

முதலாளி சாத்தப்பன் செட்டியார் வெள்ளிக் கிண்ணத்திலிருந்து சந்தனம் தொட்டு, இன்னும் ஆறாத வெல்டிங் ஒட்டின்மேல் தெளித்தார். சந்தனம் சுர்ரென்று கருகியது. அதற்கும் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. என் பெயர் முத்தழகு. சொந்த ஊர் அமராவதிபுதூர். அந்த மில்லில் இஞ்சின் டிரைவர். பாய்லரும் இஞ்சினும் என் பொறுப்பு. ரங்கூன் அரிசி மில்களில் பாதி வாலிபத்தைப் புகையில் கரைத்துவிட்டு, ஒரு சர்டிபிகேட்டோடும் தீராத இருமலோடும் ஊர் திரும்பியவன். இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

போன இதழைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்களுக்கு யாரையுமே பிடிக்காதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். பிடிக்கும் ஐயா. இந்த வாரம் வருகிறவர்களில் இரண்டு பேரைப் பிடிக்கும். இரண்டு பேரும் களத்தில் நெல் கிண்டின பெண்கள். மற்றவர்களைப் பற்றி நான் எழுதுகிறபடி எழுதத்தான் செய்வேன்.

தட்டை மூடி

புழுங்கலரிசிக்கு நெல்லை ஊறவைத்து அவிக்க வேண்டும். எங்கள் மில்லில் வாய் திறந்த பெரிய இரும்புக் கொப்பரைகளில் நெல்லைக் கொட்டி, பாய்லரிலிருந்து குழாய் வழியாக நீராவி விட்டு அவித்தோம். ஆவி நெல்லுக்குள் புகுந்து மேலே போய்விடும். மெதுவான வேலை. ஆனால் யாருக்கும் ஆபத்தில்லாத வேலை.

செட்டியாருக்கு அது பிடிக்கவில்லை. மானாமதுரைப் பக்கம் யாரோ ஒருவர் மூடின டிரம்மில் ஆவியை அடைத்து, சட்டென்று அவித்து எடுப்பதாகக் கேள்விப்பட்டார். உடனே தூத்துக்குடியில் உடைத்துப்போட்ட ஒரு கப்பலிலிருந்து ஆள் படுத்து உருளுகிற அளவுக்கு ஒரு இரும்பு டிரம்மை வாங்கி, மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அதற்கு ஒரு பக்கம் போல்ட் போட்டுத் திறக்கிற கதவு இருந்தது. மறுபக்கம் மூடியே இல்லை. வெறும் ஓட்டை.

அந்த ஓட்டையை மூடத்தான் துரைசிங்கம் வந்தார்.

"முதலாளி, திருச்சியிலிருந்து ரிவெட் அடிக்கிறவங்களைக் கூப்பிடுவோம்," என்றேன் நான். "மூடி சட்டி கவுத்த மாதிரி குவிஞ்சு இருக்கணும். ஓரத்தை மடக்கி ரிவெட் அடிக்கணும். அப்பத்தான் ஆவியைத் தாங்கும்."

செட்டியார் என்னைப் பார்க்கவில்லை. துரைசிங்கத்தைப் பார்த்தார்.

துரைசிங்கம் கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார். என்ன வேலை என்று கடைசிவரை சொல்லவில்லை. காக்கிக் கால்சட்டை, தோல் கையுறை, நீலக் கண்ணாடி. வேலை இல்லாத நேரத்திலும் கண்ணாடியை நெற்றியிலேயே வைத்திருப்பார். அதோடுதான் டீ குடிப்பார், அதோடுதான் சிவன் கோயிலுக்குப் போவார்.

"ரிவெட்டா?" என்று சிரித்தார். "அது ஓட்டை போட்டுத் தைக்கிற வேலைங்க. நம்மது ஒட்டு. ரெண்டு இரும்பும் உருகி ஒண்ணாப் போயிடும். அப்புறம் மூடி ஏது, டிரம் ஏது? எல்லாம் ஒரே பிண்டம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. இதைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். ரெண்டு இரும்பும் உருகி ஒன்றாகிவிட்டால் அதைவிட நல்லது வேறில்லை. இன்றைக்கு உலகம் முழுக்கப் பாய்லர்களை அப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகத்தான் செய்கிறார்கள். உருக வேண்டும், அவ்வளவுதான். துரைசிங்கத்தின் ஒட்டில் உருகியது மேலே சொட்டிய கம்பி மட்டும்.

கனமான தகடுகளை ஒட்டும்போது ஓரங்களை முதலில் சாய்வாகச் சீவ வேண்டும். அப்போதுதான் நெருப்பு அடிவரை போகும். ரங்கூன் கப்பல் பட்டறையில் அப்படிச் சீவுவதற்கே நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். துரைசிங்கம் சீவவில்லை. உளியால் வட்டமாக வெட்டிய தட்டைத் தகட்டை ஓட்டையில் பொருத்தி, வெளிப்பக்கம் சுற்றிலும் உருகின கம்பியை வழித்துக்கொண்டே போனார். சுவர் விரிசலுக்குச் சுண்ணாம்பு பூசுகிற மாதிரி. பார்க்க அழகாக இருந்தது. மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக, பளபளவென்று. ஊர் கை தட்டியது அந்தச் செதிலுக்குத்தான்.

பானையைத் தட்டிப் பார்க்கிற ஊர்

இங்கே கொஞ்சம் வழி மாறிப் போகிறேன்.

எங்கள் பக்கத்து மனிதர்களைப் போல ஒரு சாமானைச் சோதித்து வாங்குகிறவர்களை நான் எங்கும் பார்த்ததில்லை. சந்தையில் மண்பானை வாங்குகிற பெண் அதை ஒரு கையில் தூக்கி, மறுகை விரல்முட்டியால் சுற்றிச் சுற்றித் தட்டுவாள். ஒரு இடத்தில் சத்தம் மங்கினால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். சாத்தப்பன் செட்டியார் கண்டரமாணிக்கத்தில் வீடு கட்டியபோது, பர்மாவிலிருந்து வந்த தேக்குத் தூண் ஒவ்வொன்றையும் தானே தட்டிப் பார்த்தார் என்று சொல்வார்கள். சுவருக்குப் பூசின சுண்ணாம்பில் முகம் தெரிகிறதா என்று பார்த்துத்தான் கொத்தனாரை விட்டார். வெள்ளரிப் பிஞ்சைக்கூட நுனியைக் கிள்ளி ருசி பார்க்காமல் வாங்காதவர் அவர்.

அப்படிப்பட்டவர், இருபது முப்பது பெண்கள் வேலை செய்கிற இடத்துக்கு நடுவில் வைக்கப்போகிற டிரம்மை மட்டும் சந்தனம் தெளித்து ஏற்றுக்கொண்டார்.

ஏனென்று கேட்டால், மண்பானை நமக்குத் தெரிந்த பொருள். தெரிந்த பொருளிடம் நாம் கறாராக இருப்போம். தெரியாத பொருள் கொழும்பிலிருந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

தண்ணீர்ச் சோதனை

"தண்ணி நிரப்பிக் கைப்பம்பால அடிச்சுப் பார்ப்போம் முதலாளி," என்றேன்.

இது எந்தப் பாய்லர்க்காரனுக்கும் தெரிந்த சோதனை. டிரம்மில் வாய்வரை தண்ணீர் நிரப்பி, பம்பை அடித்து, வேலைநேரத்தில் வரப்போகிற அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றிப் பார்ப்பது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால் ஒட்டு விட்டுக்கொடுத்தால் பீச்சியடித்துத் தரை நனையும், அவ்வளவுதான். நீராவி அப்படியில்லை. அது சுருண்டு படுத்திருக்கிற பாம்பு. ஒரு விரல் வழி கிடைத்தால் மொத்த உடம்பும் வெளியே பாயும்.

துரைசிங்கத்தின் முகம் சிறுத்தது. "என் வேலையைச் சந்தேகப்படுறாரா உங்க டிரைவர்?"

"சந்தேகப்படத்தான் சோதனை," என்றேன்.

"ஒட்டுக்குள்ள தண்ணி போனா துரு ஏறும் செட்டியாரே. ரிவெட்டுக்குத்தான் அதெல்லாம். நான் சோப்புத் தண்ணி தடவிக் காட்டுறேன், பாருங்க."

லேசாக ஆவியை விட்டு, ஒட்டின்மேல் சோப்பு நுரையைத் தடவினார். நுரை ஊதவில்லை. ஆவி கசியவில்லை என்று அர்த்தம். ஒட்டு பலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. காகிதத்தை ஒட்டி வைத்தாலும் லேசான காற்றுக்குக் கசியாதுதானே? ஊருக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. மறுபடியும் கை தட்டினார்கள்.

பாய்லரைச் சோதிக்க வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி வருவார். அவரிடம் டிரம்மைக் காட்டினேன். தள்ளி நின்றே பார்த்தார். "இதில் தண்ணீர் கொதிக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை, கொதித்த ஆவி வந்து அடைகிறது," என்றேன். "அப்படியானால் இது பாய்லர் இல்லை. பாத்திரம். பாத்திரத்துக்கு எனக்கு அதிகாரமில்லை," என்று மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மோர். கறிவேப்பிலை நசுக்கிப் போட்டிருந்தது.

மனையடி

டிரம்மைப் படுக்க வைக்கச் செங்கல் மேடை கட்டினார்கள். ஒட்டு வைத்த மூடியைக் கண்மாய்ப் பக்கம் திருப்பி வையுங்கள், அங்கே ஆள் நடமாட்டம் இல்லை என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு வராது, இருந்தும் கெஞ்சினேன்.

மனையடி பார்க்கிறவர் ஒருவர் வந்து, கதவுள்ள வாய் கிழக்கே பார்த்தால்தான் தனம் சேரும் என்றார். வாய் கிழக்கே போனது. மூடி மேற்கே வந்தது. மேற்கேதான் அவித்த நெல்லைக் காயப்போடும் களம்.

"அப்படின்னா அந்த டிரம்மு வால்வை நான் தொட மாட்டேன் முதலாளி. பாய்லரைப் பார்த்துக்கிறேன். அது என் வேலை. இது என் வேலையில்லை," என்றேன்.

"நீ தொடாட்டி என்னப்பா, எனக்குக் கை இல்லையா?" என்றார் செட்டியார். அன்றைக்கிருந்து ஆவியைத் திறந்துவிடுகிற சக்கரத்தைத் தானே வந்து திருகினார். வேட்டி அழுக்காகாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

களத்தில் பெண்களுக்குத் தலைமையாக இருந்தவள் வெள்ளையம்மா. நாற்பது வயது இருக்கும். அவள் தங்கச்சி பொன்னாத்தாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். தங்கச்சி சிரித்த முகம். அக்காள் சிரிக்கிற ரகமில்லை. நான் வெள்ளையம்மாவைக் கூப்பிட்டு, மூடிக்கு நேரே களத்தில் ஒரு பட்டையைக் காட்டி, "இந்தப் பக்கம் யாரும் நெல் போடக்கூடாது, நடக்கவும் கூடாது," என்றேன்.

"எதுக்குண்ணே?"

"அந்த மூடி ஒட்டலை. ஒட்டின மாதிரி இருக்கு."

அவள் சாம்பலை அள்ளிவந்து அந்தப் பட்டையின் ரெண்டு பக்கமும் கோடு இழுத்தாள். தாண்டினவளைத் துடைப்பத்தால் அடித்தாள்.

"இன்னும் வெடிக்கலையா?"

டிரம் வேலை செய்தது. ஒரு வாரம் செய்தது. ரெண்டு வாரம் செய்தது. நெல் முன்னைவிடச் சீக்கிரம் அவிந்தது.

எனக்கு அந்த நாட்கள் நன்றாக ஞாபகமிருக்கின்றன. டீக்கடையில், சந்தையில், கோயில் வாசலில், எங்கே போனாலும் ஒரே கேள்வி. "என்ன டிரைவரே, இன்னும் வெடிக்கலையா?" செட்டியார் வருகிற விருந்தாளிக்கெல்லாம் டிரம்மைக் காட்டிவிட்டு என்னையும் காட்டுவார். "இவருதான் ரிவெட் டிரைவர்." விருந்தாளிகள் சிரிப்பார்கள்.

ஆபத்தை முன்கூட்டிச் சொல்கிறவன் நிலைமை இதுதான். அது வராத ஒவ்வொரு நாளும் அவன் முட்டாள்.

ஆனால் தட்டைத் தகடு சும்மா இருக்கவில்லை. ஆவி ஏறும்போது வெளியே பிதுங்கும். ஆவி இறங்கும்போது உள்ளே அமரும். ஒவ்வொரு அவியலுக்கும் ஒரு பிதுக்கம், ஒரு அமரல். அதற்கெல்லாம் கீலாக நின்றது அந்த ஒட்டு. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று கம்பி மத்தாப்புக் கொளுத்துகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

முதலில் கண்டது வெள்ளையம்மா. "அண்ணே, மூடிக்குக் கீழ வேர்த்திருக்கு," என்றாள். போய்ப் பார்த்தேன். ஒட்டின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு ஈரக்கோடு. காதை அருகில் கொண்டுபோனால் மெல்லிய சீறல்.

செட்டியாரிடம் சொன்னேன். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு நிழல் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. துரைசிங்கத்துக்குத் தந்தி அடித்தார்.

ஒட்டுமேல் ஒட்டு

விரிசல் விட்ட ஒட்டை என்ன செய்ய வேண்டும்? உளி வைத்து அடிவரை வெட்டி எடுத்துவிட்டு, சுத்தமான இரும்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். துரைசிங்கம் வந்தார், கண்ணாடியை இறக்கினார், விரிசலின் மேலேயே இன்னொரு வரி செதில் வைத்தார். முடிந்தது வேலை. புண்ணைக் கழுவாமல் மேலே சந்தனம் அப்புகிற மாதிரி. அந்தச் சூடு பக்கத்து ஒட்டையும் இழுத்து முறுக்கியிருக்கும். அதைப் பற்றி அவருக்கென்ன?

"இப்ப முன்னைவிட டபுள் பலம்," என்றார்.

"உள்ளே இருக்கிற விரிசல் எங்கே போச்சு?" என்று கேட்டேன்.

"டிரைவர், உங்களுக்குப் பொறாமை," என்றார். செட்டியார் தலையாட்டினார்.

மழை

அது நடந்தது ஒரு முற்பகலில். வானம் வெளுத்துத்தான் இருந்தது. களம் முழுக்க அவித்த நெல் விரித்திருந்தது. திடீரென்று வடக்கே கறுத்து, காற்று தூக்கியது. எங்கள் பக்கத்தில் மழை அபூர்வம். வந்தால் சொல்லிக்கொண்டு வராது.

அவித்த நெல் நனைந்தால் பூசணம் பிடித்து நாறும். பெண்கள் கூடையும் பலகையுமாக ஓடினார்கள். சாம்பல் கோடு முதல் தூறலிலேயே கரைந்துவிட்டது. செட்டியார் தாழ்வாரத்திலிருந்து, "அந்தப் பக்கத்து நெல்லை முதல்ல அள்ளுங்கத்தா! அங்குட்டு, அங்குட்டு!" என்று கத்தியது எனக்கு இஞ்சின் அறைக்குள் கேட்டது. டிரம்மில் அப்போது முழு ஆவி நின்றது.

சத்தத்தை எப்படி எழுதுவது? இடி என்றுதான் பலபேர் நினைத்தார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பாய்லரின் தலை வால்வை அடைத்துவிட்டு வெளியே வந்தேன். களம் வெள்ளையாக இருந்தது. ஆவி மழையோடு கலந்து தரையில் உருண்டது. அவிந்த நெல்லின் இனிப்பு வாசனை. இன்றைக்கும் எங்காவது நெல் அவிக்கிற வாசனை வந்தால் நான் அந்தத் தெருவை விட்டு நகர்ந்துவிடுகிறேன்.

மூடி களத்தைத் தாண்டி, மதிலை உடைத்துக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளிய மரத்தில் போய் அடித்து விழுந்திருந்தது. போகிற வழியில் பொன்னாத்தா இருந்தாள்.

மேலே சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடந்துபோனாள். அவ்வளவுதான். வெள்ளையம்மா ஆவிக்குள் புகுந்து தங்கச்சியைத் தூக்கினாள். இடது கை முழங்கை வரை வெந்துபோனது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

உடைந்த விளிம்பு

மறுநாள் போலீஸ்காரர் வந்தார். எந்தப் பாய்லர் வெடித்தது என்று கேட்டார். பாய்லர் அங்கே நன்றாகத்தான் இருந்தது. அவருக்குக் குழப்பமாகிவிட்டது. தெய்வச் செயல் என்று முடித்துக்கொண்டார்.

தெய்வத்தை இழுத்தது அவர் மட்டுமில்லை. ரெண்டே நாளில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. பொன்னாத்தா தீட்டோடு வேலைக்கு வந்தாளாம். பூசை போட்ட டிரம்மாம். அந்தக் குற்றம் தாங்கவில்லையாம். இதை முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அவர் பேரக்குழந்தைகள் நல்ல பிள்ளைகள், அதனால் விட்டுவிடுகிறேன். இரும்புக்குத் தீட்டு தெரியும், விரிசல் தெரியாது என்று நம்புகிற ஒரு ஊரில் நான் எப்படி இத்தனை காலம் சோறு தின்றேன் என்று நினைத்தால் எனக்கே ஆச்சரியம்தான்.

புளிய மரத்தடியிலிருந்து மூடியை நாலு பேரோடு தூக்கிவந்து, செட்டியாரின் முன்னால் போட்டேன்.

"பாருங்க முதலாளி."

உடைந்த விளிம்பு எல்லாவற்றையும் சொன்னது. மேலே விரல் கனத்துக்கும் குறைவான பளபளப்பு. அவ்வளவுதான் ஒட்டியிருந்தது. அதிலும் பாதி ஆப்பம் மாதிரி பொடிப்பொடி ஓட்டை; உருகின கசடு கண்ணாடித் துண்டு மாதிரி உள்ளே சிக்கியிருந்தது. விரிசல் போன இடம் பழைய துருவேறிக் கறுத்திருந்தது. அது அன்றைக்கு வந்ததில்லை. அதற்கும் கீழே, தகட்டின் பெரும்பகுதி கனத்துக்கு, துரைசிங்கம் முதல் நாள் உளியால் வெட்டிய தடம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு கொத்தும் கூர்மையாக. நெருப்பு அந்த இடத்தைத் தொடவே இல்லை. உருகியிருந்தால் உளித்தடம் எப்படி இருக்கும்?

செட்டியார் குனிந்தார். கட்டைவிரலை அந்தக் கொத்துகள் மேல் ஓட்டினார். ஒருமுறை, மறுமுறை. பொருள் தெரிந்த மனிதர் அவர். தேக்கு உளுத்திருப்பதைத் தட்டியே கண்டுபிடித்தவர். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அந்த விரலிலேயே தெரிந்தது.

எழுந்தார். மேல்துண்டால் விரலைத் துடைத்தார்.

"துரைசிங்கத்தை வரச்சொல்லி, இந்தத் தடவை நல்லா ஒட்டச் சொல்லுவோம்," என்றார்.

நேரே நில்லுங்க

துரைசிங்கம் மூன்றாம் முறையாக வந்தார். தகட்டைப் பார்த்தார். "இரும்பு மட்டம்," என்றார். ஒட்டுகிறவன் தோற்றால் குற்றவாளி இரும்பு. வைத்தியன் தோற்றால் நோயாளி.

அன்று காலை பெண்கள் உள்ளே வரவில்லை. மில் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளையம்மா, இடது கையில் வாழையிலையும் துணியும் சுற்றி.

செட்டியார் வெளியே வந்தார். "என்னத்தா இது? நெல் ஊறிக் கிடக்கு."

"வாரோம்யா. டிரம்மை ஒட்டி முடிங்க, வந்து அவிக்கிறோம்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணே ஒண்ணு. ஒட்டி முடிச்சு முதல் தடவை முழு ஆவி விடுறப்ப, நீகளும் அந்தக் கண்ணாடிக்காரரும் மூடிக்கு நேரே களத்துல நில்லுங்க. நெல்லு அவியுற வரைக்கும் நின்னாப் போதும். பெறகு நாங்க காலம் பூராவும் நிக்கிறோம்."

துரைசிங்கம் சிரிக்கப் பார்த்தார். "வெல்டிங்கைப் பத்திப் பொம்பளைகளுக்கு என்ன தெரியும்?"

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் வெள்ளையம்மா. "அதான் தெரிஞ்ச உங்களை நிக்கச் சொல்றோம்."

செட்டியார் துரைசிங்கத்தைப் பார்த்தார். துரைசிங்கம் செட்டியாரைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அந்த ஒட்டின் பலம் எவ்வளவு என்று வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துபோயிற்று. ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய தண்ணீர்ச் சோதனை அதுதான்.

சாயங்கால ரயிலில் துரைசிங்கம் போய்விட்டார். உருளைகளை ஏற்ற ஆள் கிடைக்காமல் தானே உருட்டிக்கொண்டு போனாராம். பெண்கள் மறுநாள் உள்ளே வந்தார்கள். பழைய கொப்பரைகளில் நெல் அவிந்தது.

ஆவி போக வழி

இங்கே முடிந்திருந்தால் நானும் கொஞ்சம் நல்ல மனிதனாகவே இந்த வாரத்தை முடித்திருப்பேன்.

ஒரு மாசம் போயிருக்கும். காலையில் வந்து பார்க்கிறேன், டிரம்மைக் கழுவித் தார் பூசியிருக்கிறார்கள். ஓட்டைப் பக்கம் புது மூடி. மதுரையிலிருந்து யாரையோ ரகசியமாகக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். அதே தட்டை மூடி. அதே வெளிப்பூச்சு. தார் காய்ந்தால் ஒட்டு இருந்ததே தெரியாது.

"தேவகோட்டையில சோப்புக் கம்பெனி வைக்கிறவரு வாங்க வாராரு," என்றார் செட்டியார். "நமக்கு எதுக்கு இது? கண்ணுல படுறப்பல்லாம் மனசு சங்கடமா இருக்கு."

அவர் மனச் சங்கடம் தேவகோட்டைக்கு வண்டி ஏறப்போகிறது.

களத்துக்குப் போய் வெள்ளையம்மாவிடம் சொன்னேன். அவள் பலகையைச் சாய்த்து வைத்தாள்.

"உங்கிட்ட உளி இருக்காண்ணே?"

இரும்பு வெட்டுகிற உளியை ஒருவர் குறட்டால் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சம்மட்டி அடிக்க வேண்டும். வெள்ளையம்மா வலது கையால் குறட்டைப் பிடித்தாள். வெந்து சுருங்கின இடது கையை டிரம்மின்மேல் ஊன்றிக்கொண்டாள். நான் அடித்தேன். நல்ல வெயிலில், மில் முழுக்கப் பார்க்க, டிரம்மின் வயிற்றில், ஒட்டிலிருந்து தள்ளி, யாரும் பூசி மறைக்க முடியாத இடத்தில். ஒவ்வொரு அடிக்கும் டிரம் கோயில் மணி மாதிரி முழங்கியது. ஒரு தலை நுழைகிற அளவுக்குத் துண்டு உள்ளே விழுந்த பிறகுதான் நிறுத்தினோம்.

செட்டியார் ஓடிவந்தார். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கையில் குடையோடு. தேவகோட்டைக்காரர் அவர்தான் என்று புரிந்தது.

"யாரைக் கேட்டு ஓட்டை போட்டே?" செட்டியாரின் குரல் உடைந்தது. "இன்னைக்கே கணக்கு முடிச்சுட்டுப் போயிரு!"

"போறேன் முதலாளி," என்றேன்.

தேவகோட்டைக்காரர் டிரம்மைச் சுற்றிவந்தார். ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"இது எதுக்குய்யா இந்த ஓட்டை?"

"ஆவி போறதுக்கு," என்றேன்.

"சின்ன ரிப்பேரு ஒண்ணு இருந்துச்சு," என்று செட்டியார் அவசரமாக ஆரம்பித்தார். "மத்தபடி..."

வெள்ளையம்மா குறட்டைக் கீழே வைத்தாள். அந்த ஆளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இதுலதான்யா என் தங்கச்சி செத்தா. அவ பேரு பொன்னாத்தா."

தேவகோட்டைக்காரர் குடையை விரித்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலைப் பார்த்து நடந்தார்.